பூனைக்கு அத்தர் பூசலாமா?

"நன்னா, பெருநாளைக்கு எல்லாருக்கும் புதுத்துணி, எல்லாருக்கும் அத்தர். மீனுவுக்கு மட்டும் ஒண்ணும் இல்லையா?"

சென்ற ரமளானின் கடைசிப் பத்தில் ஒரு நாள், அஸர் தொழுதுவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது என் பேத்தி கேட்ட கேள்வி இது. மீனு எங்கள் வீட்டுப் பூனை. ஒரு மழை இரவில் விறகுக் கொட்டகையில் ஒதுங்கிய குட்டி, அப்படியே எங்களோடு தங்கிவிட்டது. சாம்பல் உடம்பில் கறுப்புக் கோடுகள். பேத்தி ஓதும்போது அவள் மடியருகே சுருண்டு கிடக்கும்.

"பூனைக்குன்னே கடையில சென்ட் விக்குதாம் நன்னா. என் சிநேகிதி வீட்டுல அதைத்தான் அடிக்கிறாங்க. எந்த வாசனை மென்மையா இருக்கும்? நீங்க பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

வாசனை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் ஞானம் உண்டு என்று வீட்டில் ஒரு பெயர். அந்தப் பெருமை என் கண்ணை மறைத்துவிட்டது. "கடைச் சரக்கு எதற்கு? நம் வீட்டிலேயே ஜவ்வாது இருக்கிறதே! அதைவிட மென்மையான வாசனை ஏது?" என்று சொல்லி, சிமிழிலிருந்து ஒரு சிட்டிகை ஜவ்வாதை எடுத்து, இரண்டு சொட்டு அத்தரில் குழைத்துப் பூனையின் கழுத்திலும் முதுகிலும் தடவினேன். பேத்தி அதன் கால்களைப் பிடித்துக்கொண்டாள். அது நெளிந்தது; முனகியது. விட்டதும் ஓடிப் போயிற்று. நாங்கள் சிரித்தோம்.

அன்று ஸஹருக்கு மீனு வரவில்லை. மறுநாள் விறகுக் கட்டைகளுக்கு அடியில் அதைக் கண்டோம். வாயிலிருந்து எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. நக்கி நக்கி முதுகு முழுவதும் ஈரமாகக் கிடந்தது. மீன் வைத்தோம், முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்கும் மறுநாள் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் முகர்ந்து பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டார். "பெரியவரே, பூனைக்குப் பூசறதும் ஒண்ணுதான், ஊட்டறதும் ஒண்ணுதான். உடம்புல எது பட்டாலும் அது நக்கித்தான் எடுக்கும்" என்றார். வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பைக் கரைத்து இரண்டு முறை கழுவி, மருந்தும் கொடுத்து அனுப்பினார்.

ஆட்டோவில் திரும்பி வரும்போது பேத்தி கேட்டாள்: "நன்னா, அது வேண்டாம்னு நெளிஞ்சுதே, அப்ப நாம ஏன் புடிச்சு வெச்சோம்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பூனையைக் கட்டிப்போட்ட பெண்ணைப் பற்றிய நபிமொழியை எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அந்தக் குழந்தையின் கேள்விக்கு எனக்கு நானே தேடிக்கொண்ட பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். இது ஃபத்வா அல்ல; ஃபத்வா கூறும் தகுதி ஆலிம் பெருமக்களுக்கே உண்டு. தவறு செய்த ஒருவன் தன் போன்றோருடன் சேர்ந்து சிந்தித்துப் பார்ப்பது, அவ்வளவே.

நறுமணம் யாருக்கு?

நறுமணம் நம் மார்க்கத்தில் உயர்ந்த இடம் பெற்றது என்பதில் ஐயமில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு இவ்வுலகப் பொருட்களில் பிரியமாக்கப்பட்டவற்றுள் நறுமணமும் ஒன்று. நறுமணப் பொருளை யாரேனும் அளித்தால் அதை மறுக்க வேண்டாம், சுமக்க எளியது, மணத்தால் இனியது என்று அவர்கள் அறிவுறுத்தியிருக்கிறார்கள். ஜும்ஆ நாளில் குளித்து, எண்ணெய் தடவி, வீட்டில் உள்ள நறுமணத்தைப் பூசிப் பள்ளிக்குச் செல்வதன் சிறப்பை ஸல்மானுல் ஃபாரிஸீ (ரலி) அவர்கள் வாயிலாக அறிகிறோம்.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மனிதருக்கே கூட மார்க்கம் எல்லா நேரத்திலும் நறுமணத்தை விதிக்கவில்லை. இஹ்ராம் அணிந்துவிட்ட ஹாஜிக்கு வாசனை பூசுவது தடை. கணவனை இழந்து இத்தா இருக்கும் பெண்ணும் வாசனையை விட்டு விலகியிருக்க வேண்டும். ஆக, நறுமணம் எவ்வளவு சிறந்ததாயினும் அதற்கென்று ஓர் இடமும் காலமும் உண்டு. இடம் தவறிய நறுமணம் வெறும் வாசனைதான். அது சுன்னத்து ஆகாது.

இன்னொன்றும் சிந்திக்கத்தக்கது. பச்சை வெங்காயமோ பூண்டோ தின்றவர் பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மனிதர்களைத் துன்புறுத்துவது மலக்குகளையும் துன்புறுத்தும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பூண்டு ஹராமா? இல்லை. தின்பவருக்கு அது ருசிதான். ஆனால் பக்கத்தில் நிற்பவரின் மூக்குக்கு அது நோவினை. ஒரு வாசனை நல்லதா கெட்டதா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அதை அணிபவருக்கு மட்டும் இல்லை, அதைச் சுவாசிக்க நேர்பவருக்கும் உண்டு என்ற பெரிய பாடம் இதில் அடங்கியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மலக்குகளின் மூக்குக்கே நம் மார்க்கம் இடம் கொடுத்திருக்க, கண் முன்னே மடியில் படுத்திருக்கும் பூனையின் மூக்கை நாம் மறந்துவிடலாமா?

ஜவ்வாதின் கதை

திருப்பத்தூரில் எங்கள் வீட்டு மாடியில் ஏறி நின்றால் ஒரு பக்கம் ஏலகிரி, இன்னொரு பக்கம் ஜவ்வாது மலை. வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலை அது. அங்கிருந்து எங்கள் ஊருக்குத் தேன் வரும், சாமை வரும், புளி வரும். எல்லாவற்றுக்கும் மேலாகச் சந்தனம். எங்கள் ஊர் அரசுக் கிடங்கில் ஏலம் விடப்பட்ட சந்தனக் கட்டைகள் நாடறிந்தவை.

வாசனையின் பெயரையே தாங்கி நிற்கும் அந்த மலையைப் பார்த்துக்கொண்டே, என் கைச் சிமிழில் இருந்த ஜவ்வாது எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். அரபியில் 'ஜபாத்' என்றால் புனுகு. அச்சொல்லே ஊர் ஊராக வந்து ஜவாது, ஜவ்வாது என்று நம் நாவில் நிலைத்திருக்கிறது. புனுகுப் பூனை என்று நாம் அழைத்தாலும் அது பூனை இனம் அன்று. வேறொரு காட்டு ஜீவன். அதன் வாலடியில் உள்ள பையில் ஊறும் கொழுப்புப் போன்ற பொருள்தான் புனுகு. நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் மலபாரின் பொன்னானியில் வாழ்ந்த ஜைனுத்தீன் மக்தூம் அவர்களின் 'ஃபத்ஹுல் முஈன்' என்னும் ஷாஃபிஈ சட்ட நூலிலேயே ஜபாத் தூய்மையானது என்பதும், அதில் ஒட்டியிருக்கும் சில முடிகள் மன்னிக்கப்படும் என்பதும் பேசப்பட்டிருக்கின்றன.

அந்தப் புனுகு எப்படி எடுக்கப்பட்டது? ஹபஷா நாட்டில், அதாவது இன்றைய எத்தியோப்பியாவில், காட்டில் பிடித்த அந்த ஜீவனைத் திரும்பக்கூட இடமில்லாத சிறு கூண்டில் அடைத்து, சில நாட்களுக்கு ஒருமுறை வாலைப் பிடித்திழுத்துக் கரண்டியால் சுரண்டி எடுப்பது வழக்கம். 1926இல் ருசிக்கா என்னும் வேதியியல் அறிஞர் புனுகின் மணத்திற்குக் காரணமான பொருளின் அமைப்பைக் கண்டறிந்தார். 1939இல் நோபல் பரிசும் பெற்றார். அதன் பின் அந்த மணத்தைச் செயற்கையாகவே செய்ய வழி பிறந்தது. இன்று நம் கடைகளில் ஜவ்வாது என்று விற்கப்படுவது பெரும்பாலும் சந்தனமும் வேறு வாசனைப் பொருட்களும் சேர்ந்த கலவையே.

கஸ்தூரியின் கதையும் இதுதான். வாசனைகளில் சிறந்தது கஸ்தூரி என்று நபிமொழி உண்டு. அதுவும் ஒரு மானின் வயிற்றுப் பையில் ஊறுவது. சந்தனமோ, நிற்கும்போது மணப்பதில்லை. பல்லாண்டுகள் வளர்ந்து வயிரம் பாய்ந்த நடுமரத்தை வெட்டினால்தான் மணம். ஆக, நம் நறுமணம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் விலை கொடுத்த ஒரு ஜீவனோ ஒரு மரமோ இருக்கிறது. இறைவன் மனிதனுக்கு அளித்த அருட்கொடை அது, நன்றியோடு அனுபவிக்கலாம்.

ஆனால் புனுகு அந்த ஜீவனுக்கு எதற்காகப் படைக்கப்பட்டது? கல்லிலும் மரத்திலும் தேய்த்து, 'இது என் இடம். நான் இங்கே இருக்கிறேன்' என்று தன் இனத்துக்கு அறிவிப்பதற்காக. நமக்கு அது வாசனை. அதற்கோ அதுவே பேச்சு. வீட்டுப் பூனையும் அப்படியே பேசுகிறது. கன்னத்தையும் நெற்றியையும் நம் காலில் உரசுகிறதே, அது வெறும் கொஞ்சல் இல்லை. அங்கேயுள்ள சுரப்பிகளின் மணத்தை நம் மீது பதித்து, 'இவர் என்னவர்' என்று எழுதி வைக்கிறது. தாய்ப்பூனை தன் குட்டியை அறிவதும் மணத்தால்தான். அந்த எழுத்தின் மேல் நான் என் ஜவ்வாதைப் பூசி அழித்துவிட்டேன். தன் உடம்பே தனக்கு அந்நியமாக மணக்கும்போது அந்த ஜீவன் விறகுக் கட்டைக்கு அடியில் ஒளியாமல் வேறென்ன செய்யும்?

பூமியில் ஊர்வனவும் சிறகடித்துப் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்ற கருத்தைத் திருமறையின் அல்அன்ஆம் அத்தியாயத்தில் ஓதுகிறோம். சமுதாயம் என்றால் அதற்கென்று ஒரு மொழி வேண்டாமா?

அதன் மூக்கும் அதன் நாக்கும்

மருத்துவர் சொன்ன ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பின்னர் நான் விசாரித்து அறிந்தவை இவை. முஸ்லிம் இல்லங்கள் பலவற்றில் பூனை உண்டு. ஆகையால் நம் தாய்மார்கள் இவற்றை அறிந்திருப்பது நல்லது.

மனிதனின் மூக்கில் மணத்தை உணரும் நுண்ணணுக்கள் சுமார் அரைக்கோடி என்பார்கள். நாய்க்குப் பத்துக் கோடிக்கும் மேல். பூனையின் மோப்பமும் நம்முடையதைவிடப் பன்மடங்கு கூர்மையானது. அதோடு, வாயின் மேலண்ணத்தில் மணத்தைச் சுவைத்தறியும் ஓர் உறுப்பும் அதற்கு உண்டு. நமக்கு 'மெல்லிய வாசனை' என்று தோன்றுவது அதற்கு மெல்லியதாக இராது. தொழுகையில் நிற்கும் நம் காதருகே ஒலிபெருக்கியை வைத்தால் எப்படி இருக்கும்! கேட்பது ஓதலாகவே இருந்தாலும் காது நோகும் அல்லவா?

அடுத்தது நாக்கு. பூனையின் நாக்கு சொரசொரப்பாக இருப்பதை அறிவோம். அதிலுள்ள முள் போன்ற நுனிகள் குழிந்த கரண்டி வடிவில் அமைந்து, எச்சிலை மொண்டு முடியின் அடிவரை கொண்டு சேர்க்கின்றன என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. படைத்தவன் சீப்பையும் நீரையும் அதன் வாயிலேயே வைத்தனுப்பியிருக்கிறான். ஆனால் அதனாலேயே, முடியில் பட்டதெல்லாம் வயிற்றுக்குள் போகிறது.

மூன்றாவது ஈரல். சில வகைப் பொருட்களின் நஞ்சை முறித்து வெளியேற்றும் வேலையை நம் ஈரலில் ஒரு நொதி செய்கிறது. பூனையின் ஈரலில் அது போதிய அளவு இல்லை. ஆகவே நமக்கு மருந்தாக இருப்பது அதற்கு நஞ்சாகலாம். நாம் காய்ச்சலுக்கு விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடக்கூடும். கிராம்பு எண்ணெய், இலவங்கப்பட்டை எண்ணெய், புதினா எண்ணெய், யூகலிப்டஸ் தைலம், டீ ட்ரீ எண்ணெய், எலுமிச்சை ஆரஞ்சுத் தோல்களின் எண்ணெய், கற்பூரம், பினாயில் ஆகிய யாவும் பூனைக்கு ஆகாதவை. 'இயற்கையானது' என்று சீசாவில் அச்சிட்டிருப்பதால் மட்டும் அது தீங்கற்றதாகிவிடாது. எட்டிக்காயும் இயற்கைதானே!

மூடி மறைப்பது தூய்மையாகுமா?

பூனை வீட்டில் நாற்றம் வருகிறதே, தொழும் இடமாயிற்றே, விருந்தாளிகள் வருவார்களே என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மார்க்கச் சட்டம் படித்த எவரும் அறிவர்: நஜீஸின் மேல் அத்தர் ஊற்றினால் அது தூய்மையாகாது. நஜீஸை நீக்க வேண்டும். நீரால் கழுவ வேண்டும். வாசனை மூடி மறைக்குமே தவிர நீக்காது. தரையில் பூனை சிறுநீர் கழித்திருந்தால் அந்த இடத்தைக் கழுவுவதுதான் கடமை. பூனையின் மேல் வாசனை தெளிப்பது அதற்குப் பரிகாரம் ஆகாது.

பூனையே அசுத்தமானதா? அபூகதாதா (ரலி) அவர்களுக்கு அவர்களின் மருமகள் கப்ஷா (ரஹ்) அவர்கள் உளூச் செய்யத் தண்ணீர் ஊற்றி வைத்தபோது ஒரு பூனை வந்தது. அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்து அதைக் குடிக்க விட்டார்கள். மருமகள் வியந்து பார்த்ததும், பூனை அசுத்தமானதன்று, நம்மைச் சுற்றித் திரிவனவற்றுள் ஒன்று என நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார்கள். அதன் எச்சில் பட்ட நீர் குறித்து, ஷாஃபிஈ மத்ஹபில் தூய்மையானதே என்றும், ஹனஃபி மத்ஹபில் வேறு நீர் இருக்கும்போது அதைப் பயன்படுத்துவது மக்ரூஹ் என்றும் இமாம்கள் விளக்கியிருக்கிறார்கள். எந்த மத்ஹபிலும் பூனைக்கு வாசனை பூசித்தான் வீட்டில் வைக்க வேண்டும் என்று சொல்லப்படவில்லை.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஆரோக்கியமான பூனையின் உடம்பு நாறுவதில்லை. நாற்றம் வந்தால் அது காதில் சீழாக இருக்கலாம், பல் சொத்தையாக இருக்கலாம், முடிக்குள் மறைந்த புண்ணாக இருக்கலாம். வாயில்லா ஜீவன் தன் நோயைச் சொல்ல இருக்கும் ஒரு சில வழிகளில் நாற்றமும் ஒன்று. அதன் மேல் வாசனையைத் தெளிப்பது, அழுகிற குழந்தையின் வாயைப் பொத்துவது போலாகும்.

எனக்குப் பிடித்தது அதற்கும் பிடிக்குமா?

"நாம் அன்பால்தானே செய்தோம்? தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பும்வரை ஒருவர் முழு முஃமின் ஆகமாட்டார் என்று படித்திருக்கிறோமே!" என்று என் மனமே என்னிடம் வாதாடியது. பேத்தியும் அப்படித்தான் நினைத்தாள். எல்லாரும் மணக்கும்போது மீனுவும் மணக்கட்டும் என்ற அந்தப் பிஞ்சு மனத்தின் சமத்துவத்தில் குற்றம் காண முடியாது.

குற்றம் என்னுடையது. தனக்கு விரும்புவது என்றால் என்ன? நான் எனக்கு விரும்புவது ஜவ்வாது அன்று. என் உடம்பு எனக்கு இதமாக இருக்க வேண்டும் என்பதையே விரும்புகிறேன். ஜவ்வாது அதற்கு ஒரு வழி, அவ்வளவே. அந்த இதத்தைப் பூனைக்கு விரும்பியிருந்தால், அதற்கு எது இதம் என்று முதலில் பார்த்திருப்பேன். வெயில் விழும் மூலை, தன் மணம் தங்கிய பழந்துணி, வயிறார உணவு, தேடி ஒளிய ஓர் இடம் ஆகியவையே அதன் இதம். நான் அதற்குக் கொடுத்ததோ என் ருசி. நீரிழிவுக்காரருக்கு அன்போடு அல்வா ஊட்டுபவரைப் போன்றவன் நான். ஊட்டியவரின் நிய்யத்தில் குறையில்லை. ஆனால் உண்டவர்தான் படுக்கையில் கிடக்கிறார்.

அல்லாஹ் எல்லாவற்றிலும் இஹ்ஸானை விதித்திருக்கிறான் என்று கூறிய அண்ணலார், அறுக்கும் பிராணியைக்கூடக் கத்தியைத் தீட்டி, வேதனை குறைத்து அறுக்கச் சொன்னார்கள். இன்னும் சில கணங்களில் உயிர் போகப் போகும் ஜீவனின் இதத்தையே கருதச் சொன்ன மார்க்கம் இது. நம்மோடு பத்தாண்டு பதினைந்தாண்டு வாழப் போகும் ஜீவனின் இதத்தைக் கருதாமல் விடலாமா? அழகாகச் செய்வது என்பது நம் கண்ணுக்கும் மூக்கும் அழகாகச் செய்வது அன்று. செய்யப்படும் ஜீவனுக்கு நன்மையாகச் செய்வதே இஹ்ஸான்.

போக வழி விடுதல்

இப்போது குழந்தையின் கேள்விக்கு வருகிறேன். 'அது நெளிஞ்சப்ப நாம ஏன் புடிச்சு வெச்சோம்?'

ஒரு பூனையின் காரணமாக வேதனைக்கு உள்ளான பெண்ணின் செய்தியை புகாரி, முஸ்லிம் இரண்டிலும் காண்கிறோம். அவள் பூனையை அடித்ததாக அதில் இல்லை. அதைப் பிடித்துக் கட்டி வைத்தாள். உணவும் தரவில்லை, தானே பூமியில் இரை தேடித் தின்னவும் விடவில்லை. அவளுடைய குற்றம் வழியை அடைத்ததுதான். அவிழ்த்து விட்டிருந்தால் அவள் தப்பியிருப்பாள்.

நான் பூனையைக் கட்டி வைக்கவில்லை. கதவையும் அடைக்கவில்லை. ஆனால் அதன் மேல் நான் பூசிய வாசனை, அது எங்கே ஓடினாலும் கூடவே ஓடியது. வெள்ளி இரவில் வீட்டில் சாம்பிராணி போடுகிறோம். பூனைக்குப் பிடிக்காவிட்டால் எழுந்து வாசலுக்குப் போய்விடும். அத்தர் பூசிய என் மடி பிடிக்காவிட்டால் இறங்கிப் போய்விடும். அதன் தோலிலேயே பூசிவிட்டாலோ அது எங்கே போகும்? கம்பியில்லாத கூண்டு அது. தப்பிக்க அதற்கு ஒரே வழி, நக்கித் தின்று தீர்ப்பது. அந்த வழியே அதற்கு நஞ்சாயிற்று.

ஆகவே எனக்குத் தெளிந்த அளவுகோல் இதுதான். நம் வீட்டில் வளரும் ஜீவனுக்கு நாம் எதைச் செய்தாலும், அது வேண்டாம் என்றால் விலகிப்போக வழியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மருத்துவரின் ஊசியைப் போல அதன் உயிருக்கே அவசியமானது என்றால் பிடித்து வைத்துச் செய்வது கருணை. நம் கண்ணுக்கும் மூக்கும் உரிய ஆசைக்காகப் பிடித்து வைத்தால் அது வேறு. நெளிவது ஒரு பதில். வாயில்லா ஜீவன் சொல்லக்கூடிய 'வேண்டாம்' அது ஒன்றுதான்.

நடைமுறையில்

பூனைக்கு எந்த வாசனை மென்மையானது என்று கேட்டால், எதுவும் பூசாமல் விடுவதே மென்மையானது என்பேன். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை சீப்பால் வாரிவிடலாம். அழுக்குப் பட்டால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைக்கலாம். படுக்கைத் துணியை வாசனையற்ற சோப்பில் துவைத்து வெயிலில் உலர்த்தலாம். மணல்தட்டை நாள்தோறும் சுத்தம் செய்தால் வீட்டில் நாற்றம் பாதி போய்விடும். சாம்பிராணி, ஊதுவத்தி ஏற்றும்போது ஒரு கதவைத் திறந்து வைக்க வேண்டும். கூண்டுப் பறவைகள் உள்ள வீட்டில் புகையே போடாமல் இருப்பது மேல்; அவற்றின் நுரையீரல் மிகவும் நுட்பமானது, கூண்டிலிருந்து அவை விலகிப்போகவும் முடியாது.

நாயைப் பொறுத்தவரை வேட்டை, மந்தைக் காவல், பயிர்க் காவல் ஆகியவற்றுக்கு மார்க்கத்தில் அனுமதி உண்டு. ஜவ்வாது மலையின் சிற்றூர்களில் காட்டுப்பன்றி வராமல் சாமைக் கொல்லையைக் காப்பது நாயின் மூக்கை நம்பித்தான். அதன் மேல் வாசனை பூசுவது காவல்காரன் கண்ணில் புகை போடுவதற்கு ஒப்பாகும். குளிப்பாட்ட வேண்டுமானால் நாய்க்கென்று செய்த, வாசனையற்ற அல்லது மிக மெல்லிய வாசனையுள்ள சோப்பு நீரே போதும். மனிதர் சோப்பு அதன் தோலுக்குப் பொருந்தாது. முகத்தருகே எதையும் தெளிக்கக் கூடாது. தும்முதல், எச்சில் ஒழுகுதல், தரையில் உடம்பைத் தேய்த்தல், ஒளிந்துகொள்ளுதல் ஆகியவை தெரிந்தால் உடனே கழுவிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். நான் செய்ததுபோல் ஒரு நாள் காத்திருக்கக் கூடாது.

பெருநாள் காலையில் தொழுகைக்குப் புறப்பட்டபோது மீனு கொட்டகையை விட்டு வெளியே வந்து, கிண்ணத்தில் இருந்த தண்ணீரைக் கொஞ்சம் குடித்தது. நான் அத்தர் பூசிப் புத்தாடை உடுத்தி நின்றேன். பழக்கப்படி என் காலை நோக்கி வந்தது. இரண்டடி தூரத்தில் நின்று முகர்ந்தது. பிறகு திரும்பிப் போய் வெயிலில் உட்கார்ந்து தன் முதுகைத் தானே நக்கிச் சுத்தம் செய்யத் தொடங்கியது. பேத்தி அதைத் தூக்க ஓடினாள். பாதி வழியில் தானாகவே நின்றுகொண்டாள். "அது வரும்போது வரட்டும் நன்னா" என்றாள். மூன்றாம் நாள் வந்தது. அவள் மடிக்குத்தான் முதலில் வந்தது.

நம்மை நம்பி நம் கூரையின் கீழ் வாழும் ஜீவன்களின் உரிமையை அறிந்து நடக்கும் அறிவையும், அன்பின் பெயரால் அநீதி செய்துவிடாமல் காத்துக்கொள்ளும் பேணுதலையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.